பாம்புக்கு மாசம் ஒரு எலி, உனக்கு ஏன்லே இம்புட்டு அலப்பறை?

போவாப் பாம்பு வளக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குத. நல்லா வளத்துக்கோலே மக்கா, யாரு வேண்டாம்னு சொன்னா? நாய் வளத்தா விடியக்காலம் எந்திரிச்சுத் தெருத்தெருவாக் கூட்டிட்டு அலையணும். மீன் வளத்தா தொட்டி கழுவியே முதுகு போயிரும். பூனை வளத்தா பொறவு அந்த வீட்டுல எசமான் யாருன்னே தெரியாது. போவாவுக்கு இந்தச் சள்ளை ஒண்ணும் கிடையாது. குரைக்காது. கொஞ்சச் சொல்லாது. வளந்த பொறவு மாசத்துக்கு ஒரு எலியைத் தின்னுட்டு ஒரு மூலையில கம்முனு கிடக்கும். அதுக்கு நீ பண்ணுத ஆர்ப்பாட்டம் இருக்கே, அதைப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது.

டெக்சாஸ்ல மவன் வீட்டுக்கு வந்ததுல இருந்து உன் வயசுப் பயலுவளைப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். பாம்பு இன்னும் வாங்கல. அது பேருல இன்ஸ்டாகிராம் கணக்குத் தொடங்கியாச்சு. பேரும் வச்சாச்சு, 'ரோலக்ஸ்'னு. எந்தத் தோள்ல போட்டா படத்துல எடுப்பா விழும்னு கண்ணாடி முன்னால துண்டை வச்சு ஒத்திகையும் பாத்தாச்சு. அது என்ன திங்கும்னு கேட்டா மட்டும் தலையைச் சொறியுத.

தோள்ல பாம்பு போடுறது புதுசாலே? ஆலிஸ் கூப்பர்னு ஒரு பாட்டுக்காரர் 1970கள்லயே மேடையில போவாவைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஆடியாச்சு. 2001ல எம்டிவி விருது மேடையில பிரிட்னி ஸ்பியர்ஸ் ஒரு மஞ்சப் பாம்பைச் சுமந்துக்கிட்டுப் பாடியாச்சு. அது போவா இல்ல, பர்மா மலைப்பாம்பு. அவங்களுக்கெல்லாம் முன்னால நம்ம சிவபெருமான் போட்டிருக்காரு. ஆனா ஒண்ணு கவனிச்சியா? அவருக்குக் கைலாசம் சொந்த இடம். நீ இருக்கது வாடகை அபார்ட்மெண்ட். ஒப்பந்தத்துல பாம்பு வைக்கலாமா வைக்கக்கூடாதான்னு வாசிச்சியா? வாசிச்சிருக்க மாட்ட. கையெழுத்துப் போடுற எடத்தை மட்டும் பாத்திருப்ப.

அடுத்த கேள்வி. இதை எத்தனை வருசம் வச்சுக் காப்பாத்தப் போற? "அதென்ன தாத்தா, ரெண்டு மூணு வருசம் இருக்குமா?"ங்க. பிலடெல்பியா மிருகக்காட்சிசாலையில 'பாப்பாய்'னு ஒரு போவா இருந்துச்சு. 40 வருசம், 3 மாசம், 14 நாள் உசுரோட இருந்துட்டு 1977 ஏப்ரல்லதான் கண்ணை மூடிச்சு. வீட்டுல ஒழுங்கா வளத்தா 20, 30 வருசம் சர்வ சாதாரணம். உன் விசாவை மூணு வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கணும். உன் போனை ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துத. நாளைக்கே ஒரு கல்யாணம் ஆவும். வாரவ கட்டில்ல உக்காந்து, "அந்தப் பெட்டியில என்னங்க?"ன்னு கேப்பா. உன் புள்ளை காலேஜு போற அன்னைக்கும் ரோலக்ஸ் பெட்டியிலேருந்து நாக்கை நீட்டி எட்டிப் பாக்கும்லே. இதுக்குச் சம்மதம்னா மேல சொல்லுதேன். இல்லன்னா இப்பவே எந்திரிச்சுப் போய் ஒரு செடி வாங்கு.

என்ன, இன்னும் உக்காந்திருக்க? சரி, கேளு.

ஊர்வனச் சந்தைன்னு ஒண்ணு இங்க ஞாயித்துக்கிழமை போடுதான். பாம்பென்றால் படையும் நடுங்கும்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். இங்க சனம் டிக்கெட் எடுத்து வரிசையில வருது. மண்டபம் பூரா மேசை. மேசை மேல சட்னி கட்டிக் குடுக்கானே ஓட்டல்ல, அந்தப் பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரு பாம்புக்குட்டி சுருண்டு கிடக்கு. மூடியில பேனாவால எழுத்து. '1.0'ன்னு போட்டிருந்தா ஆணு. '0.1'ன்னா பொண்ணு. அதுக்குக் கீழ சாதி, குலம், கோத்திரம் எல்லாம் எழுதியிருக்கான். சன்குளோ, மூன்குளோ, மோட்லி, ஜங்கிள், ஸ்னோ. எல்லாம் தோல் நிறத்துக்கும் கோலத்துக்கும் வச்ச பேருவ. கறுப்பு நிறம் இல்லாம ஒண்ணு, சிவப்பு இல்லாம ஒண்ணு, ரெண்டும் இல்லாம இன்னொண்ணு. சாதாரணக் குட்டி நூறு இருநூறு டாலர்ல கிடைக்கும். நிறம் கூடக்கூட ஆயிரக்கணக்குல போவுது.

அதுல ஒரு டப்பாவுல பாக்கேன், பாம்பு வெறும் பழுப்பு. பக்கத்துல இருக்க பழுப்புப் பாம்புக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா விலை கூட. ஏன்யான்னு கேட்டா, "இது 66 சதவீதம் ஹெட் அல்பினோ"ங்கான். அதாவது, இதோட அப்பனும் ஆத்தாளும் வெள்ளைத்தோல் குணத்தை உள்ள ஒளிச்சு வச்சிருக்கிற சாதி. அந்த ஈத்துல வெள்ளையாப் பொறக்காத குட்டியில மூணுக்கு ரெண்டு அந்தக் குணத்தை உள்ள சுமக்கும். எந்த ரெண்டுன்னு அவனுக்கும் தெரியாது, பாம்புக்கும் தெரியாது. தாத்தா கலெக்டரா இருந்தாருன்னு பேரனுக்குச் சம்பளம் கூட்டிக் குடுத்த கதையா இருக்கு. நீ என்ன பாம்புப் பண்ணையா வைக்கப் போற? பெட்டியில ஒத்தையாக் கிடக்கப் போறதுக்கு எதுக்குலே பரம்பரைப் பட்டா?

நிறத்தை விடு. குட்டியைப் பாரு. கையில எடுத்தா உன் விரலைச் சுத்திக் கெட்டியாப் பிடிக்கணும். கயிறு போட்டாப்ல தொங்குனா திரும்ப வச்சிரு. நாக்கு அடிக்கடி வெளிய வந்து போவணும். கண்ணு தெளிவா இருக்கணும். வாயோரம் எச்சி நுரை கட்டியிருந்தாலோ, மூச்சு விடும்போது கீச்சு கீச்சுன்னு சத்தம் வந்தாலோ அது நெஞ்சுச்சளி. வாலுக்குக் கீழ கழிவு போற எடம் சுத்தமா இருக்கணும். வால்நுனியில பழைய சட்டை ஒட்டிக்கிட்டு நிக்கக்கூடாது. தண்ணிக் கிண்ணத்துல மிளகை நுணுக்கிப் போட்ட மாதிரி கறுப்புப் பொட்டு மிதந்தா அது பாம்புண்ணி. அந்த மேசைப் பக்கமே தலை வச்சுப் படுக்காத.

இன்னொரு நோய் இருக்கு, கண்ணுக்குத் தெரியாதது. ஐபிடிம்பான். ஒரு வைரஸ் பண்ணுத வேலைன்னு 2012லதான் கலிபோர்னியாவுல கண்டுபிடிச்சாவ. மலைப்பாம்புக்கு வந்தா வெரசா ஆளைக் காலி பண்ணிரும். போவா வருசக்கணக்குல அதைச் சுமந்துக்கிட்டு, ஒண்ணுந் தெரியாத புள்ளை கணக்கா நல்லாத் தின்னுக்கிட்டு இருக்கும். அதனால ரத்தப் பரிசோதனை பண்ணுனியான்னு விக்கிறவன்கிட்ட கேளு. அவன் மூஞ்சி போற போக்கிலேயே பாதி விசயம் தெரிஞ்சிரும். குட்டி எப்ப பொறந்துச்சு, இதுவரை என்னென்ன தின்னுச்சு, எப்பெப்பத் தின்னுச்சுன்னு எழுதி வச்சிருக்கானான்னும் கேளு. ஒழுங்கானவன் நோட்டைத் தூக்கிக் காட்டுவான். காட்டுல பிடிச்சு வந்த பாம்பு மலிவா இருக்கேன்னு வாங்காத. அது வயித்துல பூச்சியையும் மனசுல பயத்தையும் சேத்துக் கொண்டாரும். வீட்டுப் பண்ணையில பொறந்ததா வாங்கு.

ஆணா பொண்ணா? முதல் தடவைன்னா ஆணு. ஆணு அஞ்சாறு அடியோட நின்னுரும். பொண்ணு ஏழெட்டு அடி போவும், சிலது பத்தையும் தொடும். இன்னைக்கு அது ஒண்ணரை அடிக்குட்டியா உன் உள்ளங்கையில கிடக்கு. "அய்யோ, க்யூட்"ங்க. பொண்ணா இருந்தா வளந்த பொறவு பத்துக் கிலோ வரைக்கும்கூடத் தூக்கணும், அப்ப என்ன சொல்லுதன்னு பாப்போம். ரொம்பப் பெருசு வேண்டாம்னா ஹோண்டுராஸ் பக்கம் கடல்ல இருக்க குட்டித் தீவுகள்ல இருந்து வந்த 'ஹாக் ஐலண்ட்' வகை இருக்கு, சின்ன உடம்பு. சுரினாம், கயானாப் பக்கத்து அசல் செவ்வால் போவா கண்ணுக்கு அழகுதான். ஆனா வயிறு இளக்காரம். கொஞ்சம் தப்புனாலும் கக்கிரும். கத்துக்குட்டிக்கு மத்திய அமெரிக்கா, கொலம்பியா வழி வந்த சாதாரண போவாதான் தோது.

பாம்பின் கால் பாம்பறியும்னு படிச்சிருப்பல்லா? போவாவுக்கு நெசமாவே கால் இருந்த தடம் இருக்கு. வாலடியில ரெண்டு பக்கமும் சின்னதா கொக்கி நகம் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். ஆணுக்குப் பெருசா இருக்கும். அதை வச்சு நீயா ஆணு பொண்ணுன்னு முடிவு கட்டிராத, குட்டியில ஏமாத்தும். கைதேர்ந்தவன் பாத்துச் சொல்லணும். அப்புறம் பொண்ணு வாங்குனா "தனியாத்தான இருக்கு"ன்னு அசந்திராத. மலைப்பாம்பு கணக்கா முட்டை போட்டு அடைகாக்காது, போவா குட்டிதான் போடும், ஒரு ஈத்துல இருபது முப்பதுகூடப் போடும். அமெரிக்காவுல ஒரு போவா ஆணோட பங்கு இல்லாமலேயே ரெண்டு ஈத்துல 22 குட்டி போட்டுச்சு, அம்புட்டும் பொண்ணு. வட கரோலினாக்காரங்க மரபணு பாத்து, அப்பன்னு ஒருத்தன் இல்லவே இல்லன்னு 2010ல எழுதி வச்சிருக்காவ. ஊர்ல இருந்தா பஞ்சாயத்துக் கூடியிருக்கும்.

சரி, வீடு. பாம்பு வாங்க முந்நூறு டாலர் எடுத்து வச்சிருக்க. பெட்டிக்கு? "பழைய மீன்தொட்டி ஒண்ணு கிடக்கு தாத்தா"ங்க. ஆனை வாங்கத் துட்டு இருக்கு, அங்குசம் வாங்க இல்லையாக்கும்? வளந்த போவாவுக்கு ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உசரமாவது பெட்டி வேணும். ஒரு பக்கம் சூடு, 31, 32 டிகிரி. மறுபக்கம் கொஞ்சம் குளிர்ச்சி, 25, 26. அது இஷ்டத்துக்கு அங்கன இங்கன போய்க்கிடும். ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்கிட ஒவ்வொரு பொந்து. முழுசா உள்ள எறங்கிக் கிடக்குத மாதிரி ஒரு தண்ணித் தொட்டி. பூட்டு. பெட்டிக்குப் பூட்டு மறந்திராத. போவா தலை நுழையுற எடத்துல உடம்பையும் நுழைச்சிரும்.

சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் போடாம பல்பையோ, கம்பளத்தையோ சொருகுனா ஒரு நாள் பாம்பு வெந்து கிடக்கும். சூடாக்குற கல்லுன்னு ஒண்ணு விக்கான், அதை வாங்கிராத. வயித்துத் தோல் பொசுங்குனாலும் பாம்புக்கு எந்திரிச்சுப் போவணும்னு சட்டுனு உறைக்காது. பெட்டிக்குள்ள செயற்கை அருவி, எல்இடி வெளக்கு, குட்டிச் சிலை, மண்டையோடு எல்லாம் வைக்குதான் பாரு, அதெல்லாம் உனக்குத்தான். பாம்பு ஒரு நாளும் அந்த மண்டையோட்டைப் பாத்து ரசிக்கப் போறதில்ல.

இப்ப சாப்பாட்டுக்கு வருவோம். கூத்து பூரா இங்கதான் நடக்கு.

எங்க ஊர் வயக்காட்டுல சாரைப்பாம்பு ஒத்தப் பைசா வாங்காம எலி புடிச்சுக் குடுக்கும். இங்க பாம்புக்கும் துட்டு, எலிக்கும் துட்டு. உறைய வச்ச எலியைப் பாக்கெட் போட்டு விக்கான். கண்ணு முழிக்காத எலிக்குட்டி, முடி மொளைச்ச குட்டி, பால்குடி மறந்தது, அப்புறம் ஸ்மால், மீடியம், லார்ஜ், ஜம்போ. எலிக்குடே! இதைக் கொண்டாந்து நாளைக்கு வாரவ ஃப்ரீசர்ல தேங்காத் துருவலுக்கும் மலபார் பரோட்டாவுக்கும் நடுவுல வச்சீன்னா, அன்னைக்கு ராத்திரி நீ பாம்புப் பெட்டியிலதான் படுக்கணும். தனியா ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கு. இல்ல, மூடிபோட்ட டப்பாவாவது வை. எலிக்குன்னு ஒரு ஏனம், ஒரு இடுக்கி. அது அடுக்களைப் பக்கம் வரக்கூடாது. உறைஞ்ச எலியிலயும் சால்மோனெல்லா கிருமி உசுரோட இருக்கும்னு இந்த ஊர் சுகாதாரத் துறையே எச்சரிக்கை போட்டிருக்கு.

ஒரு பய கேக்கான்: "தாத்தா, எங்க வீட்டுல சுத்த சைவம். பாம்புக்குச் சைவச் சாப்பாடு உண்டுமா?" லே கோட்டிப் பயலே! உனக்காக அது தயிர்சாதம் திங்குமா? எலியை முழுசா முழுங்குனாத்தான் எலும்புல சுண்ணாம்புச் சத்து, ஈரல்ல வைட்டமின் எல்லாம் கிடைக்கும். அதனாலதான் பாம்புக்கு டப்பா டப்பாவாச் சத்துப் பொடி வேண்டியதில்ல. கடைக்காரன் விக்கத்தான் செய்வான், நீ வாங்காத. பாலும் ஊத்தாத. புத்துக்குப் பால் ஊத்துனது சாமிக்கு, பாம்புக்கு இல்ல. அதுக்குப் பச்சத்தண்ணி போதும்.

இன்னொருத்தன் இருக்கான், வீரன். "உசுரோட எலி போடணும் தாத்தா, அப்பத்தான் வேட்டைக் குணம் போவாது"ங்கான். வேட்டைக்குணம் பாம்புக்கு இல்ல, உனக்கு. சுத்தி நாலு பயலுவ போனைத் தூக்கிக்கிட்டு நிக்கணும், அதுக்குத்தான இது? எலி சும்மா இருக்குமா? பசியில்லாத பாம்போட ராத்திரி பூரா விட்டா முதுகைக் கடிச்சுக் குதறிரும். எத்தனை பாம்பு எலி கடிச்சு எலும்பு தெரிய டாக்டர்கிட்டப் போயிருக்கு தெரியுமா? செத்த எலியே போடு.

எப்படிப் போடணும்னு பைய கேளு. முதல் நாள் ராத்திரி எலியை ஃப்ரீசர்ல இருந்து எடுத்துச் சாதாரணக் குளிர்ல வை. மறுநாள் பிளாஸ்டிக் பையில கட்டிச் சுடுதண்ணியில முக்கு. கை பொறுக்குற சூடு போதும். கொதிதண்ணி ஊத்துனா வெந்து வயிறு பிளந்துக்கிடும். மைக்ரோவேவ்ல வைக்காத. வச்சவன் வீட்டுல நடந்ததை இங்க சொன்னா நீ சாப்பிட மாட்ட. வயித்தை அமுக்கிப் பாரு, நடுவுல ஐஸ் இருக்கக்கூடாது. தலைப்பக்கம் உன் உள்ளங்கைச் சூட்டைவிடக் கொஞ்சம் கூட இருக்கணும். துடைச்சு, நீளமான இடுக்கியில இடுப்பைப் புடிச்சு, பாம்பு முன்னால லேசா ஆட்டு.

இப்பத்தான் பாக்கணும் நீ. கழுத்து பின்னால வளைஞ்சு இழுத்துக்கும். நாக்கு மெதுவா ரெண்டு தடவை. பொறவு அடி. கண்ணு சிமிட்டுறதுக்குள்ள எலியைக் கவ்வி ரெண்டு மூணு சுத்து சுத்தியிருக்கும். மூச்சை முட்ட வச்சுக் கொல்லுதுன்னுதான் நாமெல்லாம் நினைச்சிருந்தோம். பென்சில்வேனியாவுல டிக்கின்சன் கல்லூரியில 2015ல அளந்து பாத்துட்டாவ. மூச்சு இல்ல, ரத்த ஓட்டத்தை நிறுத்துது. இறுக்குன சில நொடியில எலியோட ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் தடுமாறிப் போவுது. அதே ஆளுவ அதுக்கு முன்னால 2012ல இன்னொண்ணு பண்ணியிருக்காவ. செத்த எலிக்குள்ள துடிக்குத மாதிரி ஒரு செயற்கை இதயத்தை வச்சுக் குடுத்தாவ. துடிப்பு நிக்குத வரைக்கும் போவா விடாம இறுக்குச்சு. எலியோட நாடியைப் பிடிச்சுப் பாக்குதுலே அது! உங்க ஊர் டாக்டரு நாடி பாத்து எத்தனை நாளாச்சு? ஸ்கேன் எழுதிக் குடுத்து அனுப்பிருதான்.

அதனால நீ போட்ட செத்த எலியையும் கொஞ்சநேரம் இறுக்கும். விட்டுப் பிடிக்கும். பொறவு மூக்கால தடவித் தலையைத் தேடும். தலையிலேருந்துதான் முழுங்கும், அப்பத்தான் எலியோட காலும் முடியும் மடங்கிக் கொடுக்கும். இடது தாடை ஒரு அடி, வலது தாடை ஒரு அடின்னு எலி மேல நடந்து போவும். வால் உள்ள போன பொறவு பெரிய கொட்டாவி ஒண்ணு விட்டுத் தாடையைச் சரிபண்ணிக்கிடும். அம்புட்டுத்தான் விருந்து. நீ கைதட்ட வேண்டாம், வெளக்கை அணைச்சுட்டு வெளிய போ. ரெண்டு மூணு நாளைக்குக் கையில எடுக்காத. எடுத்துக் குலுக்குனா கக்கிரும். கக்குறது அதுக்குச் சின்ன விசயம் இல்ல, குட்டியா இருந்தா உசுருக்கே மோசம். அப்படிக் கக்கிருச்சுன்னா ரெண்டு வாரம் தண்ணியோட விடு. சூடு சரியா இருக்கான்னு பாரு. அடுத்த எலி பழைய எலியில பாதியா இருக்கட்டும்.

எலி எம்புட்டு பெருசு இருக்கணும்? பாம்போட உடம்புல தடிச்ச எடம் எது? அதே தடிமன், இல்ல கொஞ்சம் கம்மி. எத்தனை நாளைக்கு ஒருக்கா? இங்கதான் உங்க பாசம் பொங்கி வழியுது. குட்டிக்குப் பத்துப் பதினாலு நாளைக்கு ஒண்ணு. ரெண்டு மூணு வயசானா மூணு வாரத்துக்கு ஒண்ணு. வளந்த போவாவுக்கு நாலு வாரம், ஆறு வாரம் கூட விடலாம். நீ என்ன பண்ணுவ? வாராவாரம் எலி போடுவ. "பசியாப் பாக்குது தாத்தா"ம்ப. அது எப்பவும் அப்படித்தாம்லே பாக்கும்! பதுங்கிக் கிடந்து வழியில வாரதை அடிக்கிற சாதி. காட்டுல அதுக்கு எலி கிடைக்குறது அதிசயம், அதனால கிடைச்சா விடாது. நீ குடுத்தா தின்னுக்கிட்டேதான் இருக்கும். கொழுப்பு ஈரல்ல ஏறும், இதயத்தைச் சுத்தும், பத்து வயசுல ஒரு நாள் காரணம் தெரியாமச் செத்துக் கிடக்கும். நல்ல போவா உடம்பு லேசாச் சதுரம் கட்டி இருக்கும். உருண்டு திரண்டு, சுருளும்போது மடிப்பு மடிப்பா விழுந்தா அது ஆரோக்கியம் இல்ல, கல்யாண வீட்டு உடம்பு. வெரசா வளக்கணும், வெரசாக் குட்டி எடுக்கணும்னு சில வியாபாரி அமுக்கி அமுக்கிப் போடுதான். உனக்கு என்ன அவசரம்?

பட்டினியா இருந்தாலும் பதறாத. கண்ணு நீலம் பூத்துப் போச்சுன்னா சட்டை கழத்தப் போவுது, அப்ப சிலது திங்காது. வளந்த ஆணு குளிர்காலத்துல சேந்தாப்ல மாசக்கணக்குல விரதம் இருக்கும். உடம்பு வத்தாம, மூச்சு சுத்தமா இருந்தா விட்டுரு. நீ மட்டும் சஷ்டி, ஏகாதசின்னா இருக்கலாம், அது இருக்கக்கூடாதா? வாங்கிட்டு வந்த முதல் வாரம் ஒண்ணுமே போடாத, எடுக்கவும் எடுக்காத. எடம் பழகட்டும். உன் சொந்தக்காரனை எல்லாம் கூட்டியாந்து காட்டாத.

கையில எடுக்கதுக்கு முன்னால கையைக் கழுவு. எலி வாடை இருந்தா உன் விரலே எலி. ஒரு குச்சியால லேசா முதுகைத் தொட்டு, "சாப்பாடு இல்லடே, நாந்தான்"னு தெரியப்படுத்து. கடிச்சா இழுக்காத. பல்லெல்லாம் உள்பக்கமா வளைஞ்சது, இழுத்தா கிழியும். பச்சத்தண்ணியை மூக்குல ஊத்து, விட்டுரும். விஷம் இல்ல. வலியும் ரத்தமும் மானக்கேடும்தான். சுத்துனா வாலுல இருந்து பிரி. ஆறேழு அடிக்கு மேல வளந்ததை ஒத்தையில எடுக்காத, பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். எடுத்து வச்ச பொறவு சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. பாம்புக்கு முத்தம் குடுத்துப் படம் போடுதியளே, அந்த வாயோட எலி போன பாதையை ஒரு தடவை நினைச்சுப் பாரு. அஞ்சு வயசுக்குக் கீழ புள்ளை இருக்க வீட்டுல ஊர்வனவே வேண்டாம்னுதான் இந்த ஊர் டாக்டருமாரும் சொல்லுதாவ.

சட்டத்தையும் விசாரிச்சுக்கோ. 2015ல அமெரிக்க அரசு ராட்சச மலைப்பாம்பு, அனகோண்டா வகைகளை ஆபத்தான சாதின்னு பட்டியல் போட்டப்ப போவாவைச் சேக்காம விட்டுட்டாவ. ஆனா மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் வேற வேற கட்டுப்பாடு. ஹவாயில பாம்பே வைக்கக்கூடாது, பிடிபட்டா 2 லட்சம் டாலர் வரைக்கும் அபராதம், 3 வருசம் வரைக்கும் செயில். நம்ம ஊர்ல இருக்க உன் மச்சினனும் ஆசைப்படுதானாமே? நம்ம காட்டுப் பாம்பு எதையும் வீட்டுல வளக்க 1972ல வந்த வனவிலங்குச் சட்டம் விடாது. போவா மாதிரி வெளிநாட்டு உருப்படி வச்சிருந்தா 2024ல வந்த விதிப்படி பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். பாங்காக்ல இருந்து பொட்டியில பாம்பை மடிச்சு வச்சுக் கொண்டாந்து மீனம்பாக்கத்துல மாட்டுதானுவளே, அந்தச் சோலி வேண்டாம்னு சொல்லி வை.

அலுத்துப் போச்சுன்னு காட்டுல கொண்டு விட்டுராத. அதுதான் எல்லாத்துலயும் பெரிய பாவம். மயாமிப் பக்கம் டீரிங் எஸ்டேட்ல 1970கள்ல இருந்தே போவா குடும்பம் நடத்துது. யாரோ விட்டதுதான். பர்மா மலைப்பாம்பு ஃப்ளோரிடா சதுப்புல பெருகி, ரக்கூனு 99 சதவீதம் கண்ணுல படாமப் போச்சுன்னு 2012ல கணக்கெடுத்து எழுதுனாவ. அந்தப் பாம்பைப் பிடிக்க நாய், ரேடியோ கருவி, பிடிக்கிறவனுக்குப் பரிசுப் போட்டின்னு என்னென்னவோ பண்ணிப் பாத்தாச்சு. கடைசியில 2017ல யாரைக் கூப்பிட்டாவ தெரியுமா? நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். கையில ஒரு கம்பி, கண்ணுல தடம் பாக்குற வித்தை. முதல் எட்டு நாளுல 13 பாம்பு. அதுல ஒண்ணு 16 அடி, பழைய ஏவுகணைத் தளத்துக்குள்ள ஒளிஞ்சு கிடந்தது. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாவ. பண்ணையில வாங்கி, பேரு வச்சு, படம் எடுத்து, அலுத்துப்போய் நீங்க தூக்கிப் போட்டதைப் பிடிக்க எங்க ஊர்க்காரன் ஏழு கடல் தாண்டி வரணுமாலே? உன்னால முடியலன்னா ஃப்ளோரிடாவுல ஒப்படைக்க எடமே வச்சிருக்கான், அபராதம் கேக்க மாட்டான். மத்த எடத்துலயும் ஊர்வன மீட்பு ஆளுவ உண்டு. போய்க் குடு.

இவ்வளவும் கேட்டுட்டு இன்னும் ஆசை போவலன்னா, நாளைக்குப் போய் முதல்ல பெட்டியையும் தெர்மோஸ்டாட்டையும் வாங்கு. பாம்பு இல்லாம ரெண்டு வாரம் ஓட விடு. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை சூட்டைப் பாத்து நோட்டுல எழுது. ரெண்டு வாரமும் ஒரு நாள் விடாம எழுதியிருந்தா நோட்டை எடுத்துட்டு வா, சந்தைக்கு நானும் கூட வாரேன்.